அடைமழையும் ஸ்லோ குக்கரும்: சூப், கஞ்சி, கடப்பா சரியாக வராதபோது எங்கே தேட வேண்டும்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், காவிரிப் படுகையின் வீடுகளில் அடுப்பங்கரைக்கு ஓய்வு கிடையாது. வயலில் தேங்கிய நீரை வடிய வைத்துவிட்டு நனைந்து வருகிறவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கும், நாள் முழுவதும் போர்வைக்குள் இருமிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் எந்த நேரம் கேட்டாலும் சூடாக ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஏற்றிவிட்டால் மாலை வரை யாரும் அருகில் நிற்காமலேயே மெதுவாக வேகவைக்கும், பீங்கான் பானை கொண்ட மின்சார ஸ்லோ குக்கர் இந்தத் தேவைக்கு மிகவும் பொருத்தமான பாத்திரம். ஆனாலும் பிரஷர் குக்கரின் விசிலுக்குப் பழகிய கை அதைத் தொடும்போது முதல் சில முறை ஏதாவது ஒன்று தவறிப்போகிறது. மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்து வீட்டில் ஆறு மழைக்காலங்களாக இந்தக் குக்கரைப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கும் என்னிடம் கேட்பவர்களுக்கும் நேர்ந்த கோளாறுகளைக் கண்ணில் படும் அறிகுறியை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, இந்தப் பானைக்குள் அழுத்தம் கிடையாது. வெப்பம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். பெரும்பாலான எளிய மாதிரிகளில் ‘லோ’, ‘ஹை’ ஆகிய இரண்டும் கடைசியில் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் அடைகின்றன. அங்கே போய்ச் சேரும் வேகம்தான் வேறு. இரண்டாவது, மூடியில் படியும் ஆவி மறுபடியும் பானைக்குள்ளேயே சொட்டிவிடுவதால் நீர் சுண்டுவதில்லை. என் அப்பாயி உமி அடுப்பின் தணலில் பானையைப் புதைத்து வைத்து இரவெல்லாம் வேகவிட்டதும் ஏறக்குறைய இதே முறைதான். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டையும் மறந்து கொதிக்கும் அடுப்பின் கணக்கை இந்தப் பானையின் மேல் ஏற்றுவதால் வருகின்றன. மீதியில் பெரும்பகுதிக்கு நம் ஊர் மின்சாரமும் நம் ஊர்த் தண்ணீரும்தான் காரணம்.

சொன்ன நேரம் முடிந்தும் பானை முழுவதும் அரைவேக்காடாக இருக்கிறது

சமையல் குறிப்பைச் சந்தேகிக்கும் முன் மின்னழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். மின்சுருளில் உண்டாகும் வெப்பம், மின்னழுத்தம் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை. அதன் இருமடிக் கணக்கில் குறைகிறது. 230 வோல்ட்டில் 200 வாட் எடுக்கும் குக்கருக்கு 180 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால், அது ஏறத்தாழ 122 வாட் வெப்பத்தைத்தான் தரும். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு வெப்பம் காணாமல் போய்விடுகிறது. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்திலும், டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதொலைவில் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளிலும் இது அன்றாடம் நடக்கிறது. மின்விசிறி சோம்பலாகச் சுற்றும் நாளில் குக்கரும் சோம்பலாகத்தான் வேகும்.

கோளாறு குக்கரிலா மின்சாரத்திலா என்று பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. பானையில் பாதிக்குமேல் பச்சைத் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திறக்காமல் ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்துவிட்டு, மூடியை எடுத்த உடனே சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். தாமதித்தால் வெப்பம் விரைவாக இறங்கிவிடும் என்பதால் உடனே அளப்பது முக்கியம். 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் குக்கர் நலமாக இருக்கிறது. அதற்குக் குறைவாகக் காட்டினால், மின்னழுத்தம் சீராக உள்ள வேறொரு நாளிலோ ஸ்டெபிலைசர் உள்ள உறவினர் வீட்டிலோ அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். அங்கும் குறைவாக இருந்தால் மின்சுருள் தளர்ந்துவிட்டது என்று பொருள்; அதில் இறைச்சி சமைப்பதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மின்னழுத்தம்தான் காரணமென்றால் அதற்கு நான் கண்ட நல்ல வழி, சூப்பை முதலில் கேஸ் அடுப்பில் ஒரு கொதி வரவிட்டு, அந்தச் சூட்டோடு பானைக்கு மாற்றுவதுதான். வெப்பத்தை ஏற்றும் கடினமான வேலையை அடுப்பு முடித்துவிடுவதால், காக்கும் வேலை மட்டுமே குக்கருக்கு மிஞ்சுகிறது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகும். அந்த எல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவதால் பாதுகாப்புக்கும் இது நல்லது. ஆனால் குளிர்ந்து கிடக்கும் பீங்கானில் கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பானையைக் குழாய் வெந்நீரால் அலசி, குக்கரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு ஊற்ற வேண்டும்.

மின்சாரம் சீராக இருந்தும் வேகவில்லை என்றால், யார் எத்தனை முறை மூடியைத் திறந்தார்கள் என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இழந்த வெப்பத்தை மீட்க 20 முதல் 30 நிமிடம் வரை ஆகிறது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடி மூடியை விரலால் இலேசாகத் தட்டினாலே போதும். படிந்திருக்கும் முத்து முத்தான நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, நடுவில் ஒரு சாளரம் திறந்ததுபோல் சூப் தெரியும். பானையை விளிம்புவரை நிரப்புவதும், பிரீசரிலிருந்து எடுத்த இறைச்சியைக் கட்டியாகவே போடுவதும் இதே விளைவைத் தரும். பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்போகாமலும் நிரப்ப வேண்டும்; இறைச்சியை முன்னிரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநீக்கிக்கொள்ள வேண்டும்.

மற்றவை எல்லாம் வெந்தும் பயறு மட்டும் கல்லாக இருக்கிறது

கொள்ளு சூப், கொண்டைக்கடலைக் குழம்பு, மொச்சைக் குழம்பு ஆகியவற்றில் வரும் இந்தக் கோளாறைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். ஒரு பயற்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். உள்ளே மாவாக நசுங்கித் தோல் மட்டும் தோல்செருப்புபோல் விறைத்து நின்றால், புளிப்போ தண்ணீரோ காரணம். பிளந்து பார்க்கும்போது நடுவில் வெண்மையான, சுண்ணாம்புக்கட்டி போன்ற ஒரு புள்ளி தெரிந்தால், ஊறியது போதவில்லை அல்லது பயறு பழையது.

புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் ஆகிய எதுவும் பயறு முழுவதும் வெந்து முடியும்வரை பானைக்குள் போகக் கூடாது. பயற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்புள்ள நீரில் எளிதில் கரைவதில்லை. பிரஷர் குக்கர் தன் கூடுதல் வெப்பத்தால் இந்தப் பிழையை ஓரளவு மறைத்துவிடும். ஸ்லோ குக்கரால் அது முடியாது. ஆகவே கொள்ளு ரசத்துக்குக் கொள்ளை மட்டும் முதலில் வேகவைத்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் புளிக்கரைசலைச் சேர்க்க வேண்டும்.

புளியே சேர்க்காமலும் தோல் விறைப்பாக இருந்தால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்புச் சுவையும் கடினத்தன்மையும் கொண்டது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதென்றால், அதே கால்சியமும் மெக்னீசியமும் பயற்றின் தோலையும் இறுக்கும். குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரிலேயே பயற்றை ஊறவைத்து அதே தண்ணீரில் வேகவைத்தால் வேறுபாடு அன்றே தெரியும். மழைக்காலத்துக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. முதல் சில மழைகள் மாடியைக் கழுவிவிட்ட பிறகு, சுத்தமான பாத்திரத்தில் நேரடியாகப் பிடித்து வடிகட்டிக் காய்ச்சிய மழைநீர் மிக மென்மையானது. பயறு அதில் பூவாக வேகும். இரண்டும் இயலாதபோது, கால் கிலோ பயற்றுக்கு ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். அதற்கு மேற்போனால் சோப்பு வாடை வந்துவிடும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். என் அனுபவத்தில், ஊறவைக்கும் நீரில் சிறிது கல்லுப்புப் போட்டால் தோல் மென்மையாகவே ஆகிறது.

பழைய பயற்றின் கதை வேறு. சம்பா அறுவடையை ஒட்டி நம் வயல்களில் விதைக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் கோடையில் வீடு வந்து சேர்கின்றன. அவற்றை அடுத்த ஐப்பசிக்குள் சமைத்தால் தொல்லையில்லை. முந்தைய ஆண்டின் மழை ஈரத்தையும் வெயிலையும் மூட்டையிலேயே பார்த்த பயறு எத்தனை மணி நேரமானாலும் முழுமையாக மென்மையாவதில்லை. அதைப் பிரஷர் குக்கருக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே ஸ்லோ குக்கரில் போடுவது ஆபத்தானது. அதில் இயற்கையாக உள்ள ஒரு லெக்டின் நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். கொதிக்காத மிதமான வெப்பத்தில் வெந்த ராஜ்மா, கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்கவிட்ட பிறகே பானையில் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நல்லது. காய்ந்த மொச்சைக்கும் நான் இதே முறையைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

கறி வெந்துவிட்டது, கிழங்கு நறுக்கென்று இருக்கிறது

இது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஆனால் இந்த மிதமான வெப்பத்தில் உருளையும் கேரட்டும் இறைச்சியைவிட மெதுவாகத்தான் வேகும். அவற்றை இரண்டு செண்டிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கி, வெப்பம் மிகுந்த அடிப்பகுதியிலும் ஓரங்களிலும் பரப்பி, இறைச்சியை மேலே வைக்க வேண்டும். தக்காளி இங்கும் தாமதமாகவே வர வேண்டும்.

சூப் தண்ணீராக ஓடுகிறது

அடுப்பில் சுண்டும் என்று கணக்கிட்டு ஊற்றிய நீர் இங்கே சுண்டுவதில்லை. வாழைத்தண்டு, சுரைக்காய், பூசணி ஆகியவை தம் நீரையும் சேர்த்து விடுகின்றன. அடுப்புக் குறிப்பில் ஒரு லிட்டர் என்று இருந்தால் இங்கே அறுநூறு, எழுநூறு மில்லியில் தொடங்குவது போதுமானது. குறைந்தால் பிறகு வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நீர்த்துப்போயிருந்தால், மூடியை எடுத்துவிட்டு ‘ஹை’யில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடலாம், அல்லது வெந்த பயற்றில் இரண்டு கரண்டி எடுத்து மசித்து மீண்டும் கலந்துவிடலாம். சோளமாவைக் கரைத்து ஊற்றும் வழியை நான் விரும்புவதில்லை. அது பார்வைக்குக் கெட்டியாகிறதே தவிர, நாவுக்கு எதையும் தருவதில்லை.

கும்பகோணம் கடப்பா இந்தப் பாத்திரத்துக்கென்றே அமைந்த பண்டம் என்று எனக்குத் தோன்றுவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நூறு கிராம் பாசிப்பருப்பு, கால் கிலோ உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், மஞ்சள்தூள் ஆகியவற்றை அரை லிட்டர் கொதிநீரோடு ‘லோ’வில் ஆறு மணி நேரம் விட்டால், பருப்பு தானாகவே கரைந்து கிழங்கின் மேல் படியும். தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் சேர்த்து அரைத்த விழுதை இறக்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஊற்ற வேண்டும். பொட்டுக்கடலை நீரை இழுத்துக் கெட்டியாகும் என்பதால் விழுது சேரும் முன் சூப் நீர்த்தாற்போலத் தெரிந்தாலும் கவலைப்படக் கூடாது. எலுமிச்சைச் சாறு, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலைத் தாளிப்பு ஆகியவை பானை அணைந்த பிறகே சேர வேண்டும். மழை பெய்யும் இரவில் சுடச்சுட இட்லியின் மேல் இதை ஊற்றிக் கொடுத்தால், சட்னியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எல்லாம் வெந்திருக்கிறது, ஆனால் மணமும் சாரமும் இல்லை

நூறு டிகிரியைத் தாண்டாத நீருக்குள் வெங்காயம் வேகுமே தவிர வதங்காது. பூண்டு மென்மையாகுமே தவிர சிவக்காது. பச்சையாகப் போட்ட வெங்காயம் எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் ஒருவகைப் பச்சை வாடையோடுதான் இருக்கும். சின்ன வெங்காயத்தையும் இஞ்சி பூண்டையும் நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிச் சேர்க்கும் ஐந்து நிமிட வேலையை மிச்சம் பிடிப்பதற்கில்லை. மிளகும் சீரகமும் நாள் முழுவதும் ஊறினால் அவற்றின் மணம் போய்க் காரமும் கசப்பும்தான் மிஞ்சும். பாதியை வெங்காயத்தோடும் மீதியை இடித்துக் கடைசி இருபது நிமிடத்திலும் போட வேண்டும். கிராம்பு, பட்டை, அன்னாசிப்பூ ஆகியவற்றை வழக்கமான அளவில் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவை இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு வந்தால்தான் பச்சை நிறம் மாறாமல் இருக்கும்.

பால் திரிந்து திப்பிதிப்பியாக நிற்கிறது

தேங்காய்ப்பாலும் தயிரும் நீண்ட நேர வெப்பத்தைத் தாங்குவதில்லை. முதல் பாலைக் கடைசி கால் மணி நேரத்தில், ஒரு கரண்டி சூடான சூப்பைக் கலந்து வெதுவெதுப்பாக்கிய பிறகு ஊற்றினால் திரியாது. திரிந்துவிட்டால் சுவை கெடுவதில்லை. மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால் பார்வைக்கும் ஓரளவு தேறிவிடும்.

கறி சக்கையாகிவிட்டது, நண்டு ரப்பராகிவிட்டது

கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு என்பதால் அது நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கால், தொடை, எலும்போடு கூடிய நாட்டுக்கோழி ஆகியவையே இதற்கு ஏற்றவை. நாகப்பட்டினத்து நண்டு, இறால், மீன் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே போடக் கூடாது. மிளகு, பூண்டு, தக்காளிச் சாற்றைப் பல மணி நேரம் ஊறவிட்டு, நண்டையும் இறாலையும் மீனையும் ‘ஹை’யில் கடைசி அரை மணி நேரத்தில் சேர்த்து, வெந்ததை உறுதிசெய்து இறக்க வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைந்துபோனது

இது கோளாறு அன்று. குருத்தெலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் மணிக்கணக்கில் வெந்து ஜெலட்டினாக மாறியிருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சாய்த்தால் நுங்குபோலக் குலுங்குவதுதான் நல்ல சூப்புக்கு அடையாளம். மேலே தனியாக உறைந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, அடுப்பில் கொதிக்கவைத்துப் பரிமாறலாம். மீந்த உணவை ஸ்லோ குக்கரிலேயே சூடாக்கக் கூடாது; அது மிக மெதுவாகச் சூடேறும்.

கஞ்சி ஓரத்தில் பிடித்துக்கொள்கிறது

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்ற சிவப்பரிசிக் கஞ்சிக்கு இந்தப் பானை மிக நன்றாக உதவுகிறது. ஆனால் குறைந்த அளவு போட்டால் ஓரம் காய்ந்து கருகிவிடும். அரிசியை முன்னிரவே ஊறவைத்து உடைத்து, ஒன்றுக்கு எட்டுப் பங்கு நீர் ஊற்றி, பானையின் உட்புறத்தில் நெய் தடவி, பாதிக்குக் குறையாமல் நிரப்பினால் பிடிக்காது. அப்படியும் பிடித்தால் ‘ஹை’யைத் தவிர்த்து ‘லோ’வில் மட்டும் வைக்க வேண்டும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டது

நம் பகுதியில் இதைப் புறக்கணிக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாதாரண மழைநாளிலேயே சில மணி நேரம் போய் வருவது வழக்கம்.

வீட்டில் இருக்கும்போது போனால், காத்திருக்காமல் அப்போதே பாத்திரம் மாற்றிக் கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிட வேண்டும். உணவு முழுவதும் வெந்த பிறகு போயிருந்தால், திறக்காத பானையில் இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம். சிக்கல், வீட்டில் ஆளில்லாதபோதுதான் வருகிறது. குமிழைத் திருகும் மாதிரிகள் மின்சாரம் வந்ததும் எதுவும் நடக்காததுபோல் மறுபடியும் சூடாகத் தொடங்கிவிடும்.

ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில் எட்டு ஆட்டுக்கால்களை ஏற்றிவிட்டு வேலைக்குப் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்பினேன். பானை தொட முடியாத சூட்டில் இருந்தது. வாசனையும் நன்றாகவே இருந்தது. ஆனால் எலும்பைக் கரண்டியால் தட்டியபோது குருத்து கழன்று வரவில்லை. ஒன்பது மணி நேரம் வெந்த கால் அப்படி இருக்க முடியாது என்று தோன்றியதால், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். காலை ஒன்பதரைக்குப் போன மின்சாரம் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வந்தது என்று அவர் சொன்னார். வெதுவெதுப்பான இறைச்சி நீரில் அத்தனை நேரத்தில் பெருகும் கிருமிகளில் சில வெளியிடும் நஞ்சு, மறுபடியும் கொதிக்கவைத்தாலும் அழியாது. மனம் கேட்காமல்தான் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினேன். அன்றிலிருந்து ஆளில்லாத நாட்களில் இறைச்சி ஏற்றுவதில்லை. ஏற்றும் நாட்களில், மின்சாரத்தில் மட்டும் ஓடும் ஒரு சிறிய கடிகாரத்தைப் பக்கத்துப் பிளக்கில் செருகி வைக்கிறேன். அது எவ்வளவு பின்தங்கி நிற்கிறதோ அவ்வளவு நேரம் பானை அணைந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

பானையில் விரிசல், அல்லது தொட்டால் மின்சாரம் இழுக்கிறது

சூடான பீங்கானில் குளிர்ந்த நீரை ஊற்றினாலோ, குளிர்பெட்டியிலிருந்த பானையை நேராகக் குக்கரில் வைத்தாலோ விரிசல் விடும். விரிசலின் வழியே இறங்கும் நீர் மின்சுருளைச் சென்றடையும் என்பதால் அந்தப் பானையை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. வெளிக்கூட்டை ஒருபோதும் நீரில் அமிழ்த்திக் கழுவக் கூடாது. ஈரத்துணியால் துடைப்பதே போதும். சுவரெல்லாம் ஈரம் கோத்திருக்கும் கார்த்திகையில் மூன்று முள் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் இல்லாமல் குக்கரை இயக்கக் கூடாது. தொட்டவுடன் இலேசாக ‘விர்ர்’ என்று இழுத்தாலும் குக்கரைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதை ஓரமாக எடுத்து வைத்துவிட வேண்டும்.